மோட்டாரைக் கழற்றி வை, தாயி

மதுரை
சித்திரை

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் கவினும் நலமாக இருக்க மீனாட்சி துணை.

முதலில் ஒரு விஷயம். நீ வாங்கியிருக்கிற அந்தத் தையல் மிஷினை பிளக்கில் சொருகாதே. ஏற்கெனவே சொருகி ஓட்டிக்கொண்டிருந்தால் இப்போதே எழுந்து போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்து மீதியைப் படி.

போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தரம் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடி வீட்டுப் பையன் போட்டோ எடுத்து அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது, ஊர்ச் செய்தியெல்லாம் நிறைய இருக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். நல்ல மிஷின் பாப்பா. சிங்கர் 99. பெரிய மிஷினில் முக்கால் பங்கு அளவுதான், வேலை மட்டும் முழுசா செய்யும். நம்பர் ஒய் என்று ஆரம்பிக்கிறது பார், அது ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் தொழிற்சாலையில் 1920, 30களில் வார்த்தது. உன் வீட்டிலிருந்து ரயில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் என்று சொன்னாயே, ஸ்டேஷனுக்கே சிங்கர் என்று பேர் என்று சொன்னாயே, அதே ஊர்தான். புதுமண்டபத்துத் தையல் கடைகளில் நாற்பது வருஷம் அந்த ஊர் மிஷினைத்தான் கழற்றி மாட்டினேன். என் மகள் அந்த ஊருக்குப் பக்கத்தில் போய் ஒரு மிஷினைத் தேடி வாங்கியிருக்கிறாள் என்று குன்னத்தூர் சத்திரத்துக் கடைக்காரர்கள் அத்தனை பேரிடமும் காட்டினேன். பாண்டி டெய்லர் போனைக் கையிலிருந்து விடவே இல்லை.

ஆனால் எல்லோரும் மிஷின் தலையைத்தான் பார்த்தார்கள். நான் பின்னாடி தொங்குகிற மோட்டாரைப் பார்த்தேன்.

தலை இன்னும் நூறு வருஷம் ஓடும். இரும்புக்கு எண்ணெய் விட்டால் போதும். மோட்டார் அப்படி இல்லை. அந்தக் காலத்து வயருக்கு உள்ளே ரப்பர், மேலே நூல் பின்னல். மேலே பார்த்தால் நூல் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ரப்பர் காய்ந்து, விரலால் வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மோட்டாருக்குள்ளே வயர் நுழைகிற இடத்தில்தான் முதலில் நொறுங்குவது. அந்த இடம் வெளியே தெரியாது. அங்கே செம்பு மோட்டார் கூட்டைத் தொட்டால், கூட்டிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து உன் கைக்கு.

"பிளக்குக்கு மூணு பின் இருக்குப்பா" என்று சொல்வாய். போட்டோவில் பார்த்தேன். பிளக் புதுசு, யாரோ பிற்பாடு மாட்டியது. அதற்குள் போகிற வயர் பழசு, அதில் கம்பி இரண்டுதான். எர்த் பின்னுக்கு ஒன்றுமே வராது. அது வெறும் பல்.

ஏன் இரண்டு கம்பி என்று நீயே முன்னொரு காலம் கேட்டிருக்கிறாய். இந்த மோட்டார் வந்த நாளில் பாதி வீடுகளில் விளக்குக்கு மட்டும்தான் கரண்ட். சுவரில் பிளக் பாயின்ட் கிடையாது. பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரிலேயே மிஷின் வயரைச் சொருகித் தைப்பார்கள். ஹோல்டரில் எர்த்துக்கு எங்கே இடம்? சில ஊரில் ஏசி, சில ஊரில் டிசி. இரண்டிலும் ஓட வேண்டும் என்றுதான் அந்த மோட்டாரை அப்படிச் செய்தார்கள். வெளியே நிற்கிற கம்பிச் சுருளிலும் உள்ளே சுழல்கிற ஆர்மேச்சரிலும் ஒரே கரண்ட் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். கரண்டின் திசை மாறினால் இரண்டிலும் சேர்ந்தே மாறும், அதனால் சுழற்சி ஒரே பக்கம்தான். எத்தனை அறிவு பார். சிங்கர் 1889லேயே மின்சார மிஷின் கொண்டுவந்துவிட்டது. அங்கே வேலை பார்த்த பிலிப் டீல் என்ற ஜெர்மன்காரர் தையல் மிஷினுக்குச் செய்த மோட்டாரில் இறக்கையை மாட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார், சீலிங் ஃபேன் ஆச்சு. இந்த வெயிலில் என் தலைக்கு மேல் சுற்றுவதும் தையல் மிஷினின் தம்பிதான்.

இதையெல்லாம் எட்டாம் வகுப்பில் உனக்குப் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். நினைவிருக்கும். அமெரிக்காவில் தாமஸ் டேவன்போர்ட் என்கிற கொல்லர், 1837ல் மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கியவர், கம்பி ஒன்றோடொன்று தொடாமல் இருக்க மனைவி எமிலியின் கல்யாணப் பட்டைக் கிழித்து நாடா நாடாவாகச் சுற்றினார் என்று சொல்வார்களே, அதை எழுதியிருந்தேன். கைதட்டல் அதற்குத்தான் விழும் என்று நினைத்தேன். நீ அந்த வரியில் நின்று, "அந்த அம்மாகிட்ட கேட்டுட்டுக் கிழிச்சாராப்பா?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. உன்னை மனப்பாடம் பண்ணச் சொல்லி அதட்டினேன்.

சரி. பிளக்கில் சொருகாதே. முழங்காலால் அழுத்துகிற பட்டை இருக்கிறதே, அதை உருவி அலமாரி மேலே வை. கவின் சாய்ந்தால் போதும், ஊசி ஓடும். பின்னாளில் ரேடியோ கரகரக்காமல் இருக்க யாராவது ஒரு கன்டென்சரைச் சேர்த்திருக்கலாம். காகிதக் கன்டென்சர், வயசானால் ஊதும், புகையும், சில மிஷினில் யாரும் தொடாமலேயே மோட்டாரை ஓடவிட்டுவிடும். மோட்டாருக்குத் தையல் எண்ணெய் விடாதே, அதற்குக் கிரீஸ்தான். எண்ணெய் வயரைத் தின்றுவிடும். இன்ஜினியரிங் படித்த பெண்ணுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்குவதற்கு முன்னாலே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மோட்டார் இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருப்பேன். எதையுமே வாங்கிய பிறகு, நடந்த பிறகுதான் எங்களுக்குச் சொல்கிறாய். அதையும் முழுசாகச் சொல்வதில்லை.

கோபித்துக்கொள்ளாதே. மூன்று மாசமாக மாப்பிள்ளை போனில் வருவதே இல்லை. தூங்குகிறார் என்கிறாய், வெளியே போயிருக்கிறார் என்கிறாய். பகல் பன்னிரண்டு மணிக்கும் அதுதான். நாங்கள் கேட்கிறோமா? கேட்கவில்லை. அவருக்கு என் விசாரிப்பைச் சொல். நல்ல மனுஷர், பதறாமல் இருக்கச் சொல். ஆம்பளைக்கு வேலை ஒரு மாசம் முன்னே பின்னே ஆகும், அதனால் ஒன்றும் குறைந்து போவதில்லை என்று நான் பொதுவாகச் சொல்கிறேன்.

பொழுதுபோக்குக்குத் தைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். போட்டோவில் மிஷினுக்கு வலது பக்கம் பேண்டு அடுக்கியிருக்கிறது. எட்டு எண்ணினேன், அதற்கு மேல் போட்டோவில் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச்சீட்டு குண்டூசியில். நான் டெய்லர் கடைக்கு நடுவிலேயே வாழ்ந்தவன் தாயி. சீட்டு குத்திய துணி எதற்கென்று எனக்குத் தெரியும்.

தைப்பது கேவலம் என்று சொல்வேனா? உன்னைப் படிக்க வைத்ததே அந்த ஊசிதான். எனக்கு வேறு பயம். அதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லவில்லை.

சித்தப்பாவுக்கு ஜாமீன் போட்ட வருஷம். அம்மா அப்போது கால் மிஷினில் உள்பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள், நாளைக்கு இரண்டு டஜன். ராத்திரி முழங்காலில் தென்னமரக்குடி எண்ணெய் தேய்த்துவிட நீ உட்காருவாய். தீபாவளிக்கு ஒன்றரை மாசம் முன்னால் நான் ஒரு பழைய மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினேன். கால் வலி தீரட்டும் என்று மாட்டினேன் என்று தெருவெல்லாம் சொன்னேன். நீ கூட உன் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாய். அந்தக் காலத்து மோட்டார் விளம்பரமும் அப்படித்தான் பேசும், பெண்ணுக்கு ஓய்வு என்று.

அம்மாவின் காலுக்காக மாட்டவில்லை. நாலு டஜன் வரும் என்று மாட்டினேன். வட்டி கட்ட வேண்டியிருந்தது. நாலு டஜன் வந்தது. இரண்டு மணி வரைக்கும் வந்தது. மிதிக்கிற மிஷினில் கால் ஓய்ந்தால் கை நின்றுவிடும். மோட்டாருக்கு அந்த நிதானம் இல்லை. கிளைட்பேங்க் மியூசியம் போய்வந்து நீ சொன்னாயே, 1911ல் பெட்டிக்கு பாலிஷ் போட்ட பன்னிரண்டு பெண்கள், மூன்று பேர் வேலையையும் சேர்த்துத் தங்கள் தலையில் கட்டியதற்கு எழுந்து வெளியே போனார்கள், அவர்களுக்காகத் தொழிற்சாலையே நின்றது என்று. நீ ஏதோ வரலாறு என்று சொன்னாய். நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. உங்கம்மாவுக்கு எழுந்து போக வாசல் ஏது? முதலாளியும் நான்தானே.

பல்பு ஹோல்டரில்தான் கனெக்‌ஷன் கொடுத்தேன். இரண்டு கம்பி. மாட்டின பத்தாம் நாள் அம்மா, "என்னங்க, மிஷினைத் தொட்டா சுள்ளுன்னு கடிக்குது" என்றாள். ஊரெல்லாம் என்னை மெக்கானிக் என்று கூப்பிடுகிறது. புதுமண்டபத்தில் ஒருத்தர் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே மோட்டாரை இறக்கியிருப்பேன். வீட்டில், "ரப்பர் செருப்பைப் போட்டுக்கோ, காலுக்குக் கீழே பலகையைப் போட்டுக்கோ" என்றேன். மோட்டாரைப் பிரித்து வயர் மாற்ற ஒரு நாள் ஆகும். ஒரு நாள் என்பது நாலு டஜன். தீபாவளி முடியட்டும் என்றேன்.

அம்மாவின் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காமல் இருப்பது வெந்நீர் பட்டதால் இல்லை. மழை பெய்த ராத்திரி, தரை ஈரம், பலகை நனைந்திருந்தது. கையை எடுக்க முடியாமல் மிஷினோடு ஒட்டிக்கொண்டாள். நான் மெயினை அணைக்கும் வரை எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. வெந்நீர் என்று உன்னிடமும் தம்பியிடமும் சொல்லச் சொன்னவள் அவள்தான். "பிள்ளைங்க உங்களைத் தப்பா நினைக்கும்" என்றாள். நான் சரி என்று இருந்துவிட்டேன். இத்தனை வருஷமும் இருந்துவிட்டேன். ஒரு கையால் மாவு பிசைகிறாள் என்று நீ கேலி பண்ணும்போதும் இருந்துவிட்டேன்.

இப்போது அவள் உள்ளே படுத்திருக்கிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. நீயாக ஒன்றும் கேட்காதே. நான் சொல்கிறேன், நேரம் பார்த்து.

அதனால் மோட்டாரைக் கழற்றி வை. பெல்ட்டை எடுத்துவிட்டு, தலைக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் மோட்டார் கையோடு வந்துவிடும். அதே இடத்தில் கை மிஷினுக்குரிய கைப்பிடியை மாட்டலாம், அதே திருகுதான். என்னிடம் ஒன்று இருக்கிறது, நேற்று மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு உப்புக்காகிதம் தேய்த்துவிட்டேன், பல் நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். மெதுவாகத்தான் தைக்கும். மெதுவாகத் தை. எட்டுப் பேண்டை நாலாக்கு. மோட்டாரே வேண்டும் என்றால் அங்கே வயர் மாற்றி, கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் வைத்துப் பார்த்து, சீட்டு எழுதித் தருகிற ஆளிடம் கொடு. அதற்கு ஆகிற செலவுக்கும் சேர்த்து, உன் பழைய எஸ்.பி. கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு மூடாமல் இருக்கட்டும் என்றுதான். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே, சொல்லலாம் என்று தோன்றினால் சொல்.

ஒன்று பார்க்க வேண்டும். மிஷின் சக்கரம் நடுவில் ஓட்டை விட்டு ஆரம் ஆரமாக இருக்கிறதா, தட்டு மாதிரி அடைத்திருக்கிறதா? ஆரம் இருந்தால்தான் கைப்பிடியின் விரல் உள்ளே பிடிக்கும். அடைத்த சக்கரமாக இருந்தால் பார்சலில் சக்கரமும் சேர்த்து வைக்கிறேன். நீ அனுப்பிய படத்தில் அந்தப் பக்கம் இருட்டாக இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் இன்னொரு போட்டோ எடு. மேஜையை ஒழுங்குபண்ணிவிட்டு எடுக்க வேண்டாம், துணியை நகர்த்த வேண்டாம். இருக்கிறபடியே எடுத்து அனுப்பு.

அப்பா