வன்னியின் கட்சி அமைப்பாளர்களுக்கு: மாறிய வாக்கை எண்ணுவது பற்றி

வணக்கம்.

2024 செப்ரெம்பர் 21இல் நடந்த சனாதிபதித் தேர்தலில் வன்னி மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்க நாலாம் இடம். வாக்கு 21 ஆயிரத்துச் சொச்சம். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 40 ஆயிரத்துக்குக் கிட்ட எடுத்து முதலிடம் வந்தது. 6 ஆசனத்தில் 2 அவர்களுக்கு. இடையில் எட்டுக் கிழமைகூட இல்லை. அந்த வாக்கு எந்த ஊரில், யாரிடமிருந்து கழன்றது என்று உங்களில் எவரிடமாவது தாளில் இருக்கிறதா? கூட்டத்துக்கு எத்தனை பஸ் பிடித்தோம் என்ற கணக்கு மட்டும் இருக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். மாவட்டத்தில் 3 லட்சத்துச் சொச்சம் வாக்காளர். வாக்காளர் இடாப்பில் ஆயிரத்துக்கு ஒரு பெயராக எடுத்தால் 300 பேர் வரும். (கிளிநொச்சியைச் சேர்க்க வேண்டாம்; மண் வன்னி, வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம்.) அதே 300 பேரை மூன்று தரம் கேளுங்கள்: வேட்புமனு முடிந்த கிழமை, நடுவில், பிரசாரம் ஓய்வதற்கு முந்திய நாட்களில். ஒவ்வொரு தரமும் வேறு ஆட்களைக் கேட்டால் 5 சதவீத ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும். அதை அலை என்று நம்பிப் போஸ்டர் அடிக்காதீர்கள்.

முதல் தரம் உங்களுக்கு 90 பேர், இரண்டாம் தரமும் 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றும் அசையவில்லை என்று படுத்துவிடுவீர்கள். பெயருக்குப் பெயர் ஒப்பிட்டால் 25 பேர் போய், வேறு 25 பேர் வந்திருக்கலாம். போன 25 பேரும் முல்லைத்தீவுக் கரையோரத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள் என்றால் உங்கள் மேடைப்பேச்சில் எது சரிவரவில்லை என்று அப்போதே தெரியும்.

கட்சியை ஒரு தாளிலும் விருப்பிலக்கத்தை (கட்சிப் பட்டியலில் எந்த வேட்பாளருக்கு என்பதை) இன்னொரு தாளிலும் கேளுங்கள். பட்டியலில் 9 பேர், போடக்கூடிய விருப்பு வாக்கு 3. உங்கள் ஆட்களே ஒருவரையொருவர் வெட்டுவது இரண்டாவது தாளில்தான் பிடிபடும்.

பிழை வருவது பெரும்பாலும் வீட்டு வாசலில் கேட்கும்போதுதான். “எங்களுக்குத்தானே?” என்று கேட்டால் “ஓம், உங்களுக்குத்தான்” என்பார்கள், பின்னேரம் வருகிற மற்றக் கட்சிக்கும் அதே பதில், அதே தேத்தண்ணி. ஆகவே கட்சிக்காரர் போகக்கூடாது. “ஒருக்காலும் போடமாட்டீர்கள் என்றால் யாருக்கு?” என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். வீட்டு ஐயா பக்கத்தில் நின்றால் அம்மாவின் வாயிலும் அவருடைய பதில்தான் வரும். அவரவர் தாமே புள்ளடி போட்டு உறையில் ஒட்டித் தரட்டும். காலபோக நெற்செய்கை நேரம் ஆள் வயலில் நின்றால் பக்கத்து வீட்டாரைக் கேட்டு நிரப்பாதீர்கள், பொழுதுபடத் திரும்பப் போங்கள். இல்லாவிட்டால் கமக்காரரே கணக்கில் இல்லாமற் போவார்கள்.

உறையில் இலக்கம் மட்டும் இருக்கட்டும். எந்த இலக்கம் யாருடையது என்ற தாள் ஒருவரிடம் மட்டும் இருக்கவேண்டும். தேர்தல் முடிவு வந்த அன்றே அதை எரித்துவிடுங்கள். பெயர் எழுதிய பட்டியலுக்கு வன்னிச் சனம் ஏன் பயப்படுகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.