மரத்தரை குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

எங்கள் கடையில் வாங்கிப் பதித்த தரையொன்று மழைக்காலத்தில் ஓரம் உப்பிய படத்தையும், ‘காகிதத்தை மரம் என்று விற்கிறார்கள்’ என்று அதன் கீழே எழுதியிருப்பதையும் உங்களில் பலர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். தரை ஏன் உப்பியது என்று கேட்பது நியாயம். காகிதம் என்ற அந்தச் சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

லேமினேட் பலகையின் மேற்புறம் மரத்தின் படம் அச்சிட்ட தாள்தான். அடியில் இருப்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. இதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. பில்லில் லேமினேட் என்றே எழுதுகிறோம். அறுத்த துண்டைக் கையில் கொடுத்து அடுக்குகளைக் காட்டிய பிறகே விலை பேசுகிறோம். எஞ்சினியர்டு வுட் வேறு. அதில் மேலடுக்கு அசல் தேக்கு அல்லது ஓக். அடியில் பிளைவுட் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், ஈரத்தில் ஓர் அடுக்கு விரிய முயன்றால் அடுத்தது இழுத்துப் பிடிக்கும். மேலடுக்கு 3 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் பின்னாளில் இழைத்துப் பாலிஷ் போடலாம் என்பதால், வீட்டுக்கு அதையே சொல்கிறோம். நாற்காலிச் சக்கரம் ஓயாமல் உருளும் அலுவலகத்துக்கு, தேய்மானத்தை நன்கு தாங்கும் ஏசி4 என்ற தர லேமினேட்டே போதும்; விலையும் குறைவு.

ஆனால் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கும் நம் கும்பகோணத்தில், எந்தப் பலகையானாலும் கீழ்த்தளத்து ஈரத்தைப் பார்க்காமல் பதிக்கக் கூடாது. பாலித்தீன் தாளொன்றைச் சிமெண்டுத் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விட்டு, மறுநாள் அடியில் நீர் முத்துகள் இருந்தால், தரை காயும்வரை பொறுப்பதுதான் முறை. படத்திலுள்ள வீட்டிலும் இதைச் சொன்னோம். கிரகப்பிரவேச நாள் நெருங்கிவிட்டதால் அவர்களால் காத்திருக்க முடியவில்லை. அவர்களைக் குறைகூற இதை எழுதவில்லை; உப்பிய பலகைகளை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் பிறருக்கு அனுப்பாமல், முதலில் எங்களை அழைத்து விசாரித்த தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. உங்கள் வீட்டுத் தரையை வந்து பார்க்கச் சொல்லி, உறவினர்களையும் எங்களிடம் அனுப்பிவைத்தீர்கள். அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனிக் கீழ்த்தள வேலைகளை ஈரம் பார்த்த பிறகே எடுப்போம். பதிக்கும் கூலி அடுத்த மாதம் முதல் பில்லில் தனியாக வரும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கும்பகோணம்