கை நீளம் சரியா என்று அம்மா கேட்கிறாள்

மிட்டோ அருகே, பிப்ரவரி 1934

மகனே,

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா பஞ்சு வைத்துத் தைத்த மேலாடையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புத்தாண்டு அட்டையில் இருந்த டோக்கியோ விலாசம்தான் என்னிடம் இருக்கிறது. இன்னும் அங்கேதான் இருக்கிறாயா? தோக்கிவாவில் பிளம் மரங்கள் பூக்க ஆரம்பித்துவிட்டன. வேறு செய்தி இல்லை.

அய்க்யோ ஜுகு விவசாயப் பள்ளியை நடத்திய தச்சிபானா ஆசிரியருக்கு ஆயுள் தண்டனை. நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய். பிரதமர் இனுகாய் கொலையில் சேர்ந்த ராணுவப் பள்ளி மாணவர்களுக்கு 4 ஆண்டுதான். கடற்படை அதிகாரிகளுக்கும் 15க்கு மேல் இல்லை. மண்வெட்டி பிடித்தவருக்கு மட்டும் ஆயுளா? எனக்கும் வயிறு எரிகிறது. 1915இல், டோக்கியோவில் பெரிய படிப்பு முடியப்போகும் நேரத்தில் அதை உதறிவிட்டு வந்து காட்டைத் திருத்தி உழுதவர் அவர்.

ஆனாலும் சொல்கிறேன், கேள். பிரதமரைச் சுட்ட அதே 1932 மே 15 ராத்திரி 6 துணைமின் நிலையங்களுக்குக் கையெறி குண்டோடு போனவர்கள் ஆசிரியரின் பள்ளியைச் சேர்ந்த, நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். நகரம் இருண்டால் ஜனங்கள் யோசிப்பார்கள் என்று நம்பினார்கள். டோக்கியோ இருளவே இல்லை. ஆசிரியர் அதற்கு முன்பே மஞ்சூரியா போய்விட்டார், ஜூலையில் ஹார்பினில் சரணடைந்தார். சுட வந்தவர்களிடம் "பேசினால் புரியும்" என்றாராம் இனுகாய். 76 வயது. என் அப்பா இருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

அந்த ராத்திரி நீ எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்க மாட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு. கூட்டம் எதற்கும் போகாதே.

கூட்டுறவைப் பற்றி நீ கோயில் முற்றத்தில் பேசியபோது பெரியவர்கள் புகைக்குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அன்று எனக்குக் கண் கலங்கியது. அப்படிப் பேசத் தெரிந்தவனுக்கு வீட்டுக்கு இரண்டு வரி எழுத வராதா?

சரி, வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மேட்டு நிலம் முழுக்க மல்பெரி வைத்தது நான். அமெரிக்காவில் பட்டு வாங்க ஆளில்லாமல் 1930இல் பட்டுக்கூட்டின் விலை சரிந்தது, கடன் மட்டும் சரியவில்லை. அடுத்த வசந்தத்தில் அக்கா நூல் ஆலைக்குத் தானே விரும்பித்தான் போகிறாள் என்று உன்னிடம் சொன்னேன். பொய். முன்பணத்தை வாங்கி, ஒப்பந்தத்தில் முத்திரை குத்திவிட்டு வந்து, அப்புறம்தான் அவளிடமே சொன்னேன். அவள் அழவில்லை. உன் பழைய காலுறைகளை உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நீ என்னிடம் கேட்டபோது, "பேச்சு வேண்டாம், வேலையைப் பார்" என்றேன். அந்த வாரமே நீ அய்க்யோ ஜுகுவில் போய்ச் சேர்ந்துவிட்டாய். ஊரில் எல்லோரும் ஆசிரியரின் பேச்சு உன்னை இழுத்துக்கொண்டது என்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

மல்பெரியில் பாதியைப் பிடுங்கிவிட்டேன். வேர் ஆழமாகப் போயிருக்கிறது, ஒற்றை ஆளால் முடியவில்லை. அதற்காக வா என்று சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கூட்டத்துக்குப் போகாதே.

மேலாடை கிடைத்ததா என்று மட்டுமாவது ஓர் அட்டை போடு. கை நீளம் சரியாக இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள். பழைய அளவில்தான் தைத்திருக்கிறாள்.

அப்பா