நாற்காலி உடைந்த கதை

திருவான்மியூர்

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று திட்டாதே. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, நேற்றுதான் பிரித்தார்கள். மொட்டைமாடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. உடனே என் எடையை ஆரம்பிக்காதே! பத்து வருட வெயில். தடவினால் கையில் வெள்ளை மாவு ஒட்டியது, அப்படியும் உட்கார்ந்தேன். முப்பது வருடம் பெயின்ட் கம்பெனியில் குப்பை கொட்டியவன் நான்!

பார்க்க வந்த சரசு மகள் (செயற்கைக்கோள் பொருள்களைச் சோதிப்பவள்) விழுந்து விழுந்து சிரித்தாள். "மேலேதான் காற்றே இல்லையே, அங்கே என்ன கெடும்?" என்று கேட்டுவிட்டேன். அதுதான் தப்பு, இரண்டு மணி நேரம் பாடம். 400 கி.மீ. உயரத்தில் புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிய்த்து ஒற்றை அணுக்களாக்கிவிடுகிறதாம். நொடிக்கு ஏழரை கி.மீ.க்கு மேல் பாய்கிற கலம் அவற்றின் மேல் போய் மோதுகிறது. பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்) கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். வெள்ளிகூடக் கறுத்துச் செதில் செதிலாக உதிரும். நம் வீட்டு வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அங்கே ஆக்சிஜனே அந்த வேலையைச் செய்கிறது.

1984-இல் நாசா ஒரு பஸ் அளவுக் கூண்டில் பத்தாயிரத்துக்கு மேல் மாதிரிகளைக் கட்டி அனுப்பியது. ஒரு வருடத்தில் எடுப்பதாக ஏற்பாடு. நடுவில் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் விபத்து. எடுத்தது 1990 ஜனவரியில். அதில் வெள்ளை பெயின்ட் பூசிய துண்டுகள் இருந்தன, சேகர். பின்பக்கம் இருந்தவை புற ஊதாவில் பழுத்து பழுப்பாகிவிட்டன. பாய்கிற திசையைப் பார்த்த முன்பக்கம் இருந்தவை பளிச்சென்று வெள்ளை! நான் "அப்போ முன்பக்கம்தான் தப்பித்தது" என்றேன். இல்லையாம். பெயின்டை ஒட்டிப் பிடித்திருக்கும் பைண்டர் பழுத்ததும் அதை ஆக்சிஜன் அரித்துத் தின்றுவிட்டது, மிஞ்சியது பிடிப்பில்லாத பிக்மென்ட், அதாவது வெறும் நிறப்பொடி. என் நாற்காலி மாதிரியே.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கை வலியால் மட்டும் இல்லை. கம்பெனியில் நாம் பெயின்ட் பூசி, வெயில் தாங்குமா என்று பார்க்கக் கூரை மேல் தெற்குப் பார்த்து 45 டிகிரியில் சாய்த்துவைத்த பலகைகள் ஞாபகமிருக்கிறதா? கண்ணால் பார்த்து, வெள்ளையாக இருந்தால் பாஸ் போட்டோமே. மாவு ஒட்டுகிறதா என்று கறுப்புத் துணியால் எத்தனையைத் தேய்த்துப் பார்த்தோம்? நீயாவது தேய்த்திருப்பாய். நான் வெயிலுக்குப் பயந்து படிக்கட்டிலேயே நின்று எழுதிய நாள்கள் உண்டு.

சரி, அம்மா சௌக்கியம். உன் மாங்காய் ஊறுகாய் கேட்கிறாள். மூர்த்தி பேத்திக்கு மொட்டை, வைகாசியில்.

அப்புறம், அந்தச் சிவப்பு அட்டை நோட்டு உன் பரணில்தானே கிடக்கிறது? வரும்போது எடுத்து வா. நாற்காலி விஷயம் மூர்த்திக்குத் தெரிய வேண்டாம்.

உன்,
ரங்கு