கணினித் தேர்வைக் கணினியில் நடத்துங்கள்

கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளில் கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தக்கலையில் கணினி மையம் நடத்துகிறேன். ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. நீங்கள் தேர்ச்சி கொடுத்து அனுப்பும் மாணவர்கள் அடுத்து வந்து நிற்பது என்னைப் போன்றவர்களிடம்தான்.

சென்ற வாரம் வணிகவியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தார். புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும், சுருக்கத் தெரியவில்லை. டவுன்லோடு செய்த கோப்பு எங்கே கிடக்கிறது என்றும் தெரியவில்லை. பயோடேட்டாவில் வரிகளை நேராக்க ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போயிருந்தார். ஒரு சொல்லைத் திருத்தியதும் பக்கம் முழுவதும் கலைந்துவிட்டது. கணினித் தாளில் 80-க்கு மேல் வாங்கியதாகச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது. கெட்டிக்காரப் பெண். அரை மணி நேரத்தில் அத்தனையையும் பிடித்துக்கொண்டார். மூன்று ஆண்டுகளில் யாரும் அவரைச் செய்யவைத்துப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு வலித்தது.

கைப்பேசியில் விரல் ஓடும் வேகத்தைக் கண்டு, இவர்களுக்குக் கணினியும் தெரியும் என்று நம்பிவிடுகிறோம். ரேமுக்கும் ரோமுக்கும் வேறுபாடு எழுத மனப்பாடம் போதும். ரெக்கார்டு நோட்டைப் பார்த்தும் எழுதிவிடலாம். அதற்குப் பதிலாகத் தேர்வில், ஒரே பெயர் இரண்டு முறை வரும், தேதிகள் தாறுமாறாகக் கிடக்கும் பட்டியல் ஒன்றைக் கொடுங்கள். அதைச் சீர்செய்து, சராசரி கண்டு, பிடிஎஃப் ஆக்கி, நான்கு வரிக் கடிதத்தோடு மின்னஞ்சலில் அனுப்பட்டும். கடிதம் தமிழில் இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்று கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதில் தட்டச்சு செய்யத் தெரிந்த மாணவரை என் கடையில் பார்ப்பது அபூர்வம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று. வாட்ஸ்அப்பில் வரும் கடல் எச்சரிக்கை இன்றையதா, போன ஆண்டுச் செய்தியா என்று நம் கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளிடம்தான் கேட்கிறார்கள். 2024 மே மாதம், கள்ளக்கடல் (திடீரெனப் பேரலைகள் கரையில் பொங்குவது) எச்சரிக்கை இருந்த நாட்களில், நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. கடல் நிலையைக் கணித்து எச்சரிக்கும் ஐதராபாத் இன்காய்ஸ் (INCOIS) மையத்தின் இணையதளத்தில் அன்றன்றைய எச்சரிக்கையைத் தேடி எடுத்து, தேதியையும் பகுதியையும் பார்த்து, கைப்பேசிக்கு வந்த செய்தியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்கு 20 மதிப்பெண் கொடுங்கள்.

ஆய்வகத்தில் கணினிகள் போதாது என்பீர்கள். மாணவர்களைப் பிரித்து நான்கு நாட்கள் நடத்தலாம். அப்போதும் போதாவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் என் மையத்தின் 6 கணினிகளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாடகை வேண்டாம்.

அன்புடன்,
தக்கலை கணினி மையக்காரர் ஒருவர்