பொடி வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே

அன்புள்ள கயல்விழிக்கு,

சிறுநீரகத்துக்கு நல்லதென்று நீ கேட்ட மூக்கிரட்டை மூலிகைப் பொடியை வாங்க ராசப்ப செட்டித் தெரு வரைக்கும் போனேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிய பிறகு வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மூக்கிரட்டை மேல் எனக்குப் பகையில்லை. ஆயுர்வேதம் புனர்நவா என்று கொண்டாடுவது அதைத்தான். நெருஞ்சிலைப் போல அதுவும் சிறுநீரைப் பெருக்கும். சிக்கலே அங்கேதான். பகல் முழுக்கச் சாலைப் பணியில் வெயிலில் நிற்கிறாய். கழிப்பறை இல்லையென்று தண்ணீரையும் தொடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். வற்றிய உடம்பில் மிச்சமிருப்பதையும் வெளியேற்ற ஒரு மருந்தா? போதாததற்கு இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு. நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேள்.

நீ இருப்பதோ ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம். அங்குள்ள உத்தானம் பகுதியில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லாத விவசாயிகளுக்கே சிறுநீரகம் பழுதாகிறது. குடிநீர், பூச்சிமருந்து, வெயிலில் நீரிழப்பு என்று பலவற்றைச் சந்தேகிக்கிறார்களே தவிர, இதுதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை.

ஆயுர்வேதம்தான் வேண்டுமென்றால் அதன் பழைய ஆசான் சரகரைக் கேள். அடக்கக்கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் இயற்கை உந்துதல்கள், 13 என்கிறார். பட்டியலில் முதலில் நிற்பது சிறுநீர். ஆகவே உன் முதல் மருந்து, ஒப்பந்ததாரரிடம் கழிப்பறை கேட்டு வாங்குவது. கூச்சப்படாதே, உன்னோடு வேலை செய்யும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேள்.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்பாள் உன் அத்தை. ஆடுதின்னாப்பாளையும் மூலிகைதான். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். இணையத்தில் வரவழைக்கும் மாத்திரைகளும் வேண்டாம். அமெரிக்காவில் அப்படி வாங்கிய ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008இல் ஆய்வு வெளியானது.

தீபாவளிக்கு வரும்போது, சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று தெரிய ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுவோம். அந்தச் சீட்டோடு அரும்பாக்கம் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனைக்குப் போகலாம். அங்குள்ள மருத்துவர் மூக்கிரட்டை கொடுக்கச் சொன்னால் நானே இடித்துத் தருகிறேன்.

பார்சலில் பெரிய தண்ணீர்க் குடுவையும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் இருக்கின்றன. நார்த்தங்காய் ஊறுகாய் அம்மா வைத்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
அப்பா