இரண்டாவது படத்தில் இருப்பது பூக்கூடை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில், போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கின் கைவினைப் பொருட்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். போர்னியோ மக்களைப் பற்றி நம் தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதுவதே அபூர்வம், அதனால் தலைப்பைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரை முழுக்க "வீட்டுக்கு அழகு சேர்க்கும் தயாக் கூடைகள்" என்றே போகிறது (தயாக் என்பது போர்னியோவின் பல பூர்வகுடி மக்களுக்குப் பொதுப்பெயர்). இரண்டாவது படத்துக்குக் கீழே "மணி கோத்த பூக்கூடை" என்று வேறு போட்டிருக்கிறீர்கள்.

அது காயான், கென்யா மக்கள் குழந்தையை முதுகில் சுமக்கிற கூடை. படத்தில் அடியில் அரைவட்டமாக ஒரு மரப்பலகை தெரிகிறதே, குழந்தை உட்காருவது அதில்தான். ஓரத்தில் தொங்கும் சிப்பி, காசு, விலங்குப் பல் எல்லாம் நடக்க நடக்கச் சலசலக்கும், அந்தச் சத்தத்துக்குக் கெட்ட ஆவி பிள்ளையை அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. மணியில் முழு மனித உருவம் கோத்திருந்தால் அது உயர்குடிப் பிள்ளையின் கூடை, அந்தக் காலத்தில் மற்றவர்கள் அந்த உருவத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும் பொருளைப் பூக்கூடை என்று எழுதிவிட்டோமே என்று மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

நான் சரவாக்கில் பாராம் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு பள்ளியில் 6 வருஷம் ஆசிரியையாக இருந்தேன். விடுதியில் பெனான் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள் (எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் கலிமந்தானில் இவர்களைப் போன்ற காட்டு மக்களைப் புனான் என்பார்கள், சரவாக்கிலேயே நிலையாகக் குடியிருக்கும் புனான் பா மக்கள் வேறு, இதையும் கட்டுரை குழப்பியிருக்கிறது). பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அம்மாக்கள் நடந்தே வருவார்கள். முதுகில் கிவா, அதாவது கொஞ்சம் முரட்டுப் பின்னலில் செய்த பெரிய சுமைக்கூடை. திரும்பும்போது அதற்குள் அரிசி, உப்பு, பிள்ளையின் துணிமணி, எல்லாவற்றுக்கும் மேலே சில நேரம் நடக்க முடியாத சின்னவன். மழையில் வழுக்கும் பாதையில் இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் வேரையோ கிளையையோ பிடித்து ஏற முடியும். அந்தக் கூடையின் வடிவமே அதற்காகத்தான்.

அஜாட் என்பது வேறு. உருளையாக, நெருக்கமான பின்னலில், கறுப்பு வடிவங்களோடு, வாயைக் கயிறு இழுத்து மூடுகிற பை. ஒரு அம்மா எனக்கு ஒன்று தந்தார். அடுத்த முறை வந்தபோது அதை நான் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "சிக்கு (மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), இதில் எதையாவது போட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள், சும்மா தொங்கினால் பூச்சி அரித்துவிடும்" என்றார். அன்றிலிருந்து அதில்தான் மாணவர்களின் நோட்டுகளை எடுத்துப்போனேன். இப்போதும் வீட்டில் இருக்கிறது. அடியிலிருந்து மேலே ஓடும் தடித்த பிரம்பு, ஒன்றோடொன்று கலக்காத மெல்லிய இழைகள், தோள்பட்டை உரசும் இடம் மட்டும் வழவழவென்று பழுப்பேறிப்போய்.

நமக்கு ரோத்தான், அதாவது பிரம்பு, என்றால் பள்ளிக்கூடத்து அடிதான் ஞாபகம் வரும். அவர்களுக்கு அது காட்டில் முள்ளோடு மரத்தைப் பற்றி ஏறும் கொடி. வெட்டி இழுத்து, முள்மட்டையை உரித்து, பிளந்து, ஒரே அகலம் வரும்வரை கத்தியில் சீவவேண்டும். கறுப்பு வேண்டுமானால் இலைகளோடு அவித்துச் சேற்றில் புதைக்கவேண்டும். பின்னுவது அப்புறம்தான். இத்தனையும் தெரிந்தால் 'விலை கொஞ்சம் அதிகம்' என்று கட்டுரையில் எழுத மனசு வந்திருக்காது.

பெனான் மொழியில் மொலோங் என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு பிரம்புப் புதரையோ சவ்வரிசிப் பனையையோ தங்களுடையது என்று அடையாளமிட்டு, தேவைக்கு மட்டும் வெட்டி, மிச்சத்தை வளரவிட்டு வைப்பது. ஆனால் ஏறுவதற்கு மரம் நின்றால்தானே பிரம்பு? மரம் வெட்டும் லாரிகளை மறித்து 1987ல் பெனான் மக்கள் பாதையில் தடுப்புக் கட்டி நின்றது இதற்கும் சேர்த்துத்தான். கலிமந்தானில் வேறு மாதிரி அடி. இந்தோனேசியா 2012 தொடக்கத்தில் கச்சாப் பிரம்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. நாற்காலித் தொழிற்சாலைகளுக்கு நல்லது என்றார்கள், பிரம்புத் தோட்டம் வைத்திருந்த தயாக் குடும்பங்களுக்கோ வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது.

இப்போது பெனான் பெண்கள் பலர், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையில் பின்னுகிறார்கள். நம்ம ஊர் ஒயர் கூடை மாதிரி இருக்கும். உங்கள் கட்டுரையாளர் அதை "போலி" என்கிறார். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. வடிவம் அம்மாவிடம் கற்றது, விரல் அதே விரல், பிரம்புக்காக அரைநாள் நடக்கவேண்டிய நிலைமை வந்தபிறகு கைக்குக் கிடைத்ததில் பின்னுகிறார்கள். வீட்டுச் செலவுக்குக் காசும் வருகிறது. அதில் என்ன போலி?

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது மூன்று விஷயம் சேர்த்துப் போடுங்கள். இரண்டாவது படம் குழந்தை சுமக்கும் கூடை. நான்காவது படம், அந்தக் கறுப்பு வெள்ளைப் பை, பெனான்களின் அஜாட். அப்புறம், 'தயாக்' என்று பொதுவாக விடாமல் இபான், பிடாயு, காயான், கென்யா, பெனான் என்று எந்த மக்கள் செய்தது என்பதையும், தெரிந்தால் செய்தவர் பேரையும் படத்துக்குக் கீழே போடுங்கள். கட்டுரையாளர் பெயரையும் படம் எடுத்தவர் பெயரையும் போட்டிருந்தீர்கள், பின்னியவர் பெயருக்கும் அங்கே இடம் இருந்தது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிள்ளான்